சும்மா கிடக்கும் இரண்டாவது லேத்து

கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறை. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஜாப் ஒர்க் கொடுக்கிறவர்களுக்கு வழி தெரியும், அது போதும். உள்ளே இரண்டு லேத்துகள். ஒன்று ஓடுகிறது. இன்னொன்றின் மேல் சாக்கைப் போர்த்தி, அதன்மேல் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருக்கிறார்கள். வெளிச்சுவரில் ஓர் அட்டை: 'டர்னர் தேவை'. சிவப்பு மையில் எழுதியது, வெயில் தின்று தின்று ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது.

"எப்ப எழுதிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கணக்கு வெச்சுக்கலீங்க. போன மழைக்கு முன்னாடி. வர்றவன் மொதல்ல சம்பளம் கேக்கறான், அப்புறம் ஏசி இருக்கான்னு கேக்கறான். வெர்னியரைக் கையில குடுத்தா முழிக்கறான்" என்றார் பட்டறைக்காரர்.

பட்டறைக்கு எதிரே பேக்கரி. வெளி பெஞ்சில் ஒரு தம்பி டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வின் தடிமனான கைடைப் புரட்டிக்கொண்டிருந்தான். டிகிரி முடித்து மூன்று வருஷம் ஆகிறதாம். தினமும் பதினொரு மணிக்கு வருவானாம், வீட்டில் இருந்தால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். "என்ன கண்ணு பண்றே?" என்றதற்கு, "படிச்சுட்டு இருக்கேங்க" என்றான். அந்த அட்டைக்கும் இந்த பெஞ்சுக்கும் நடுவில் பன்னிரண்டு எட்டு. நடந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

வேலை இல்லை என்று நாடே சொல்கிறது, ஆள் இல்லை என்று பட்டறையெல்லாம் சொல்கிறது. இரண்டும் பொய்யில்லை. ஒரே தெருவின் இரண்டு ஓரங்களில் நின்றுகொண்டு இரண்டு பேரும் தலையில் கை வைத்திருக்கிறார்கள். தம்பி, அந்தப் பன்னிரண்டு எட்டைத் தாண்டவிடாமல் உன் காலைப் பிடித்திருப்பது எது? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

2022-இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். ஒரு நாற்காலிக்கு முன்னூறு பேர். தேர்வு எழுதாதே என்று நான் சொல்லவில்லை. எழுது, நன்றாக எழுது, நாற்காலி கிடைத்தால் நேர்மையாக உட்கார். ஆனால் முன்னூறில் ஒன்று என்ற கணக்கின்மேல் இருபத்தோரு வயதிலிருந்து முப்பது வயதுவரையான உன் முழு இளமையையும் பந்தயம் கட்டுவாயா? மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் மக்கு என்றா நினைக்கிறாய்? உன்னைப் போலவே ராத்திரி கண்விழித்தவர்கள்தான் அவர்களும்.

காலைப் பிடித்திருப்பது வெட்கம். வேறொன்றுமில்லை. கையில் கிரீஸ் படும் வேலை கௌரவக் குறைச்சல் என்று யாரோ உன் காதில் ஓதி வைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தால் "ஒழுங்காப் படிக்கலேன்னா ஐ.டி.ஐ.-லதான் போடுவேன்" என்று மிரட்டுகிற அப்பாக்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஜெயிலில் போடுவேன் என்கிற அதே தொனி! பெண் பார்க்க வருகிற இடத்தில் "மாப்பிள்ளை டர்னர்" என்று சொல்லத் தயங்கி, "கம்பெனியில இருக்காரு" என்று மழுப்புகிறார்கள். அதே வீட்டு மோட்டார் நடு ராத்திரியில் நின்றுபோனால், எலக்ட்ரீஷியனுக்கு ஏழு தரம் போன் அடித்து "அண்ணா, அண்ணா" என்று கெஞ்சுகிறார்கள்.

அந்த ஓடுகிற லேத்தின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றேன். சக்கில் பம்பு ஷாஃப்ட் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பால்போன்ற கூலண்ட் சொட்டுச் சொட்டாக விழ, இரும்பு நீலச்சுருளாகக் கழன்று வருகிறது. ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். மெஷினை நிறுத்துகிறார், துணியால் துடைக்கிறார், மைக்ரோமீட்டரை வைக்கிறார், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "இன்னும் ஒரு தவ் எடுக்கணும்" என்கிறார். தவ் என்றால் பட்டறைப் பாஷையில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உன் தலைமுடியின் தடிமன் அதைவிட அதிகம். அந்த ஒரு தவ் கூடினால் பேரிங் ஏறாது. குறைந்தால் பேரிங் ஷாஃப்டின்மேல் வழுக்கிச் சுற்றும், சூடேறும், எங்கோ ஒரு தோட்டத்தில் பயிர் வாடும் நேரத்தில் பம்பு கீச்சிட்டு நிற்கும். டூலை ஒரு மயிரிழை முன்னே தள்ளி, காதைச் சாய்த்து அந்த வெட்டின் சத்தத்தைக் கேட்கிறார். சத்தத்திலேயே தெரியுமாம். இதற்குப் பெயர் கூலி வேலையா? இந்த விரல்களுக்குள் இருக்கிற கல்விக்குப் பட்டம் கொடுக்க மேடை இல்லை என்பதால், அது கல்வி இல்லை என்று ஆகிவிடுமா?

சரி, யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்கிறாய். நியாயமான கேள்வி. இங்கேதான் நமக்குப் பக்கத்திலேயே திறந்து கிடக்கிற கதவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு ஐ.டி.ஐ.-யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியனுக்குப் பத்து. ஆண்கள் 14 வயதிலிருந்து 40 வயதுவரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. மறுபடி படி: உச்ச வயது வரம்பே இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அம்மாவும் கிளம்பலாம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ என்று கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர் என்றால், பெண்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் உண்டு. முடித்தபின் விருப்பமிருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. முட்டுச் சந்து என்று யார் உனக்குச் சொன்னது?

துருப்பிடித்த பழைய மெஷினில் என்னத்தைக் கற்றுக்கொடுப்பார்கள் என்ற குறையும் இனி முழுக்கச் செல்லாது. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.-களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் வேலையைத் தமிழக அரசு கையில் எடுத்தது. சி.என்.சி., ரோபாட், மின்சார வண்டி பழுதுபார்ப்பு என்று பிரிவுகள் வந்திருக்கின்றன. மெஷின் வந்தால் போதாது, சொல்லித்தருகிற ஆசிரியரும் அதே வேகத்தில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அது ஒருபுறம் இருக்கட்டும்.

இவையெல்லாம் மேலிருந்து வருகிறவை. உன் ஊரிலேயே, உன் தெரு முனையிலேயே ஓர் ஆயுதம் இருக்கிறது. அதை நீ தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

1992-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பதினொன்றாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தது. ஊராட்சிகளின் கைக்கு வர வேண்டிய 29 துறைகளின் பட்டியல் அது. குடிநீர், சாலை, மின்சாரம் எல்லாம் அதில் இருப்பது உனக்குத் தெரியும். பதினெட்டாவது வரி என்ன தெரியுமா? தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும். எட்டாவது வரி சிறுதொழில். அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது, தம்பி! குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் உட்காருகிறோம். பயிற்சி வரவில்லை என்று என்றைக்காவது உட்கார்ந்திருக்கிறோமா?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு கிராமசபை. அதை நடத்துவது ஊராட்சித் தலைவராக இருந்தாலும் சரி, தனி அலுவலராக இருந்தாலும் சரி, உன் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நகரத்தில் இருக்கிறாயா? பகுதிசபை இருக்கிறது, வார்டு கவுன்சிலர் இருக்கிறார். தேர்தலன்று மட்டும் நினைவுக்கு வருகிற ஆளா அவர்?

ஒரு கிராமசபையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சமுதாயக் கூடத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசையில் நூறுநாள் வேலைக்காரப் பாட்டிகள். ஊராட்சிச் செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் படித்துக்கொண்டிருந்தார். பாதிப் பேர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். "ஏனுங்க, நம்ம ஊர்ல மூணு வருஷமா தையல் பயிற்சியேதான் குடுக்கறீங்க. எத்தன பேருதான் ஜாக்கெட் தைக்கறது? மோட்டார் ரீவைண்டிங் சொல்லிக் குடுங்க. சுத்தியும் போர்வெல்லுதான் இருக்குது, மோட்டார் எரிஞ்சா பதினஞ்சு கிலோமீட்டர் தூக்கிட்டு ஓடறோம்" என்றாள். கூட்டத்தில் ஒரு சிரிப்பு. பொட்டப்புள்ளைக்கு மோட்டார் எதுக்கு என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் உட்காரவில்லை. "தீர்மானத்துல எழுதுங்க" என்றாள். செயலர் எழுதினார். "என்ன எழுதுனீங்கன்னு படிச்சுக் காட்டுங்க" என்றாள். படித்துக் காட்டினார். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண்ணிடம் இருந்தது என்ன? பணமா? சிபாரிசா? தன் ஊருக்கு என்ன தேவை என்ற கணக்கு இருந்தது, அதை எழுந்து நின்று கேட்கிற முதுகெலும்பு இருந்தது. நூறு பேர் கூடிய இடத்தில் அவள் ஒருத்திதான் கேட்டாள். உன் ஊரில் அந்த ஒருத்தி யார்? அந்த ஒருவன் யார்?

அவள் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. உள்ளாட்சிகள் நடத்தும் பயிற்சிகளில் பல, ஊரைப் பார்த்து வகுத்தவை அல்ல, இலக்கைப் பார்த்து வகுத்தவை. இத்தனை பேருக்குப் பயிற்சி என்று மேலே கணக்குக் காட்ட வேண்டும். எளிதாக ஆள் சேர்வது தையலுக்கும் அழகுக்கலைக்கும். ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ், சால்வை, போட்டோ. தையலைக் குறை சொல்லவில்லை, திருப்பூரையே தாங்குகிற கலை அது. ஆனால் ஊரில் இருக்கிற தேவை ஒன்று, கொடுக்கிற பயிற்சி வேறொன்று என்றால், அந்தச் சான்றிதழ் பீரோவில் துணிக்கு அடியில்தான் படுத்திருக்கும். கேட்கிறவன் இல்லாதவரைக்கும் கொடுக்கிறவன் தன் வசதிக்குத்தான் கொடுப்பான். இது எந்த ஆட்சிக்கும் பொது.

கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குப் பக்கத்து மாநிலத்தைக் காட்டுவேன். வாளையார் தாண்டினால் கேரளம். 1996-இல் அங்கே மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளிடம் கொடுத்து, நீங்களே கூடிப் பேசித் திட்டம் போடுங்கள் என்றார்கள். 1998-இல் குடும்பஸ்ரீ வந்தது. பஞ்சாயத்துகளோடும் நகராட்சிகளோடும் கைகோத்து நடக்கிற பெண்கள் அமைப்பு. வீட்டுக்குள் இருந்த பெண்கள் கேன்டீன் நடத்துகிறார்கள், மாவு அரைத்து விற்கிறார்கள், கொச்சி மெட்ரோ நிலையங்களில் டிக்கெட் கொடுக்கிறார்கள். அங்கேயும் வேலையில்லாத் திண்டாட்டம் தீர்ந்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்பது அங்கே வெட்கமான காரியம் இல்லை.

நம்மிடமும் நல்ல வித்து இருக்கிறது. தமிழ்நாட்டில் 'வாழ்ந்து காட்டுவோம்' திட்டம் 120 ஒன்றியங்களில் 3,994 ஊராட்சிகளில் நடந்தது. அதில் எனக்கு மிகப் பிடித்தது சமுதாயத் திறன் பள்ளி. கட்டடம் தேடி அலையவில்லை. அந்த ஊரிலேயே கை தேர்ந்த கொத்தனார், எலக்ட்ரீஷியன், பைக் மெக்கானிக் யாரோ அவரையே வாத்தியாராக்கி, அந்த ஊர்ப் பிள்ளைகளை அவரிடம் விட்டார்கள். நாலாவது வரை படித்த கொத்தனாரை, காலேஜ் முடித்த பிள்ளை "சார்" என்று கூப்பிடுகிற காட்சியை யோசித்துப் பார். ரசமட்டத்தின் நீர்க்குமிழியை நடுக்கோட்டில் நிறுத்த அவர் சொல்லித்தருகிறார். இந்த நாட்டில் நூற்றாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்கிய ஒன்று அங்கே நேராக நிற்கிறது.

தனியாகத் தொழில் தொடங்க வேண்டுமா? மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1982-இல் கர்நாடகத்து உஜிரேயில் முளைத்த யோசனை, பிறகு நாடு முழுக்கப் பரவியது. பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து வயதுவரை. பயிற்சி இலவசம், சாப்பாடு இலவசம், தங்க இடமும் இலவசம். உன் மாவட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? கிரிக்கெட் ஏலத்தில் எந்த ஆட்டக்காரர் எத்தனை கோடிக்குப் போனார் என்று தெரியும் இல்லையா?

முதலாளிமார்களையும் சும்மா விடப்போவதில்லை. 'அனுபவம் உள்ளவர் தேவை' என்று எல்லோரும் அட்டை மாட்டினால் அந்த அனுபவத்தை எந்தக் கடையில் வாங்குவது? 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும், ஊழியர் எண்ணிக்கையில் இரண்டரை சதவீதத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை. உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். அப்ரண்டிஸ் என்ற பெயரில் பையனைக் கூட்டவும் டீ வாங்கவும் விடுகிற கம்பெனிகள் உண்டு. அவர்கள் தங்கள் காலிலேயே கோடரி போட்டுக்கொள்கிறார்கள். டர்னர் கிடைக்கவில்லை என்று அழுகிறவர், போன ஐந்து வருஷத்தில் எத்தனை டர்னரை உருவாக்கினார் என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். கணபதி பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நானே எங்க மாமன் பட்டறையில அடி வாங்கிக் கத்துக்கிட்டவன்தானுங்க" என்றார் பிறகு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வடக்கே இருந்து வந்தவன் நம் வேலையைப் பிடுங்கிவிட்டான் என்று பேக்கரி பெஞ்சில் பேசுகிறோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை ஓரம் உட்கார்ந்து, இரண்டு பகல் இரண்டு ராத்திரி பயணம் செய்து வந்தவன் அவன். பாஷை தெரியாது. சோறு பிடிக்காது. வந்த மூன்றாம் மாதம் ஃபவுண்டரியில் மோல்டிங் கற்றுக்கொள்கிறான். அவன்மேல் கோபப்படாதே, அவனைப் பார்த்து வெட்கப்படவும் வேண்டாம். அவன் தாண்டியது இரண்டாயிரம் கிலோமீட்டர். நீ தாண்ட வேண்டியது பன்னிரண்டு எட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய கதையை உனக்குச் சொல்லிச் சொல்லி அலுக்க வைத்திருப்பார்கள். அதை விடு. அதிகம் பேசப்படாத ஒன்று: 1945-இல் கோவையில் அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷமே தாராளம், வேலை பார்க்கிறவனும் வந்து படிக்கும்படி வகுப்பு நேரங்களைப் பிரித்து வைக்கலாம் என்று அவர் வாதாடினார். அரசு ஏற்கவில்லை. கல்லூரி முதல்வர் பதவியை வீசிவிட்டு வெளியே வந்தார். பள்ளிப் படிப்பைச் சரியாக முடிக்காத மனிதர், பொறியியல் கல்லூரிக்கு முதல்வராகி, கொள்கைக்காக அதையும் விட்டார். அந்தக் கல்லூரிதான் வளர்ந்து இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அந்த மனிதரிடம் கைக்கும் மூளைக்கும் நடுவே சுவர் இருந்ததில்லை. சுவர் எழுப்பியது நாம், இடிக்க வேண்டியதும் நாம்.

ஆகவே எழுந்திரு. அடுத்த கிராமசபைத் தேதியைக் காலண்டரில் வட்டமிடு. ஐ.டி.ஐ. வாசலுக்கு ஒரு தரம் நேரில் போ, போனில் விசாரிக்காதே. அடுத்த தெருவில் பட்டறை வைத்திருக்கிற அண்ணனிடம் "ஒரு மாசம் சும்மா நின்னு பாக்கட்டுங்களா?" என்று கேள். இல்லை என்றால் அடுத்த பட்டறை. குரூப் 4 கைடை வீசவேண்டாம், ராத்திரியில் படி. பகலைக் கைக்குக் கொடு.

இரண்டு மாதம் கழித்து மறுபடி கணபதிப் பக்கம் போனேன். அட்டை அப்படியேதான் இருந்தது. ஆனால் சாப்பாட்டுத் தூக்கு ஜன்னல் மேடைக்கு இடம் மாறியிருந்தது. சாக்கு மடித்து மூலையில் கிடந்தது. பேக்கரி பெஞ்சுத் தம்பி, முழங்கை வரை கருப்பாக, இரண்டாவது லேத்தின் முன்னால் நின்றிருந்தான். வந்து ஒன்பது நாள் ஆகிறதாம். கையில் ஒரு ஷாஃப்ட் துண்டு. மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தவன் முகம் செத்துப்போயிருந்தது. "மூணு தவ் அதிகமா எடுத்துட்டேனுங்க" என்றான்.

பட்டறைக்காரர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கிராப் டப்பாவில் போட்டார். அது 'டங்' என்று விழுந்தது.

"அடுத்ததை மாட்டு" என்றார்.